ஓட்டை போடாத வெள்ளி டின்

நயினார் முகம்மதுக்கு உட்காரவே வராது. தாராவி அறுபதடிச் சாலையில் அவர் நடத்திவந்த கார் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முக்காலிகள் கிடந்தன. அவற்றில் அவர் அமர்ந்து பார்த்தவர் எவரும் இலர். தேநீர் குடிப்பதும் நின்றுகொண்டுதான். அதையும் பாதியில் எங்கேயாவது வைத்துவிட்டுப் பிறகு தேடுவார். தெருவில் போகும் வண்டிகள் அவர் காதை ஓயவிடுவதில்லை. கடையநல்லூரில் அவருடைய நிக்காஹ் நடந்தபோது, மௌலவி ஓதிக்கொண்டிருந்த வேளையில் வெளியே ஒரு கார் இருமிக்கொண்டு போயிற்றாம். மாப்பிள்ளை தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாராம். "என்னையக் கட்டுற நேரத்துலயும் எவன் வண்டிக்கோ காதக் குடுத்த மனுஷன்" என்று அவர் மனைவி சாயிரா பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் சொல்லிக் காட்டுவாள்.

பதினாறு வயதில் பம்பாய்க்கு வந்தவர் அவர். மாஹிமில் ஒரு பார்சிக்காரரின் கராஜில் பன்னிரண்டு ஆண்டுகள் கார்களுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றார். பின்பு தாராவியில் ஒரு தகரக் கூரையின்கீழ்த் தமக்கென்று ஓர் இடம் பிடித்தார். எண்பத்தாறாம் ஆண்டு மே மாதத்தில் அவருக்கு நேர்ந்ததைச் சொல்வதற்கு முன்பு, அவருடைய வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றி முடித்தவுடன், காலி டின்னை வாடிக்கையாளரின் கண்ணெதிரே தரையில் நிறுத்துவார். பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை அதன் நெஞ்சில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடிப்பார். டின் ஓட்டையாகிவிடும். அதன் பிறகுதான் வண்டிச் சாவியைக் கையில் கொடுப்பார். இதற்குக் காரணம் இருந்தது. பழைய சாமான் வாங்கும் பங்கார் கடைகளில், ஓட்டையில்லாத ஆயில் டின்னுக்குத் தனி மதிப்பு. எரிந்து கறுத்த ஆயிலைக் காய்ச்சித் துணியில் வடிகட்டி, அத்தகைய டின்களில் அடைத்துப் புதியதுபோல் விற்கும் கூட்டம் ஒன்று நகரத்தில் இருந்தது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். அந்த ஆயிலை ஊற்றிய வண்டி சில வாரங்களில் பேரிங் தேய்ந்து, ஏதாவது ஒரு மேட்டில் இறுகி நின்றுவிடும். 'டூப்ளிகேட்' என்னும் சொல் பம்பாயில் எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுச்சொல். நயினார் பாயிடம் டூப்ளிகேட் கிடையாது என்பது குர்லாவிலும் செம்பூரிலும் தெரிந்த செய்தி. இருபத்தெட்டு ஆண்டுப் பம்பாய் வாழ்வில் அவர் சேர்த்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஆயில் வகைகளை அவர் நிறத்தால் அறிவாரேயன்றிப் பெயரால் அறியார். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், குர்ஆன் ஓதுவார், ஆங்கிலத்தில் எண்கள் மட்டுமே தெரியும். எனவே அவருக்கு அது மஞ்சள் டின். இது சிவப்பு டின். மஞ்சள் டின் ஆயில் கெட்டியானது. தேய்ந்த எஞ்சினின் சத்தத்தைச் சில நாளைக்கு மூடிவைக்கும் என்பதால் டாக்ஸிக்காரர்கள் அதையே கேட்பார்கள். சிவப்பு டின் ஆயில் சற்று இளகியது. புதிதாக மாருதி வாங்கியவர்கள் அதை விரும்பினார்கள். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று வந்தது அந்த ஆண்டு தை மாதத்தில்.

சாயிராவின் தம்பி மன்சூர் அலி ஷார்ஜாவில் டிரைவர் வேலை பார்த்தான். விடுமுறையில் வந்தவன், துணி மூட்டைக்குள்ளிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய டின்னையும் ஒரு சிறிய டின்னையும் எடுத்து வைத்தான்.

"எல்லாரு தம்பியும் அக்காளுக்கு சென்ட்டு கொண்டாருவான். எந் தம்பி எண்ணெ டின்னு கொண்டாந்திருக்கான்" என்றாள் சாயிரா. "தலையில தேய்க்கிறதா, தாளிக்கிறதா, லே?"

"ஒனக்கு யாரு கொண்டாந்தா? மச்சானுக்கு" என்றான் மன்சூர். "மச்சான், அங்கன அம்பது டிகிரி வெயில்ல நாள் பூரா ஓடுற வண்டிக்கு இததான் ஊத்துறோம். ஊத்திப் பாத்துட்டுச் சொல்லுங்க."

நயினார் ஊற்றவில்லை. தாம் அறியாத ஆயிலை அடுத்தவர் வண்டியில் ஊற்றுவது அவருக்குப் பழக்கமில்லை. முதலில் சிறிய டின்னைத் திறந்தார். மூன்று மருந்துக் குப்பிகளில் மூன்று ஆயில்களையும் நிரப்பி, சர்பத் கடையிலிருந்து வாங்கிவந்த பனிக்கட்டியில் புதைத்தார். ஒரு மணி நேரம் கழித்துச் சாய்த்துப் பார்த்தபோது மஞ்சள் நெய்யாக உறைந்திருந்தது. சிவப்பு தேன்போல் தயங்கித் தயங்கி இறங்கியது. வெள்ளி டின் ஆயிலோ குளிரே படாததுபோல் ஓடியது. மறுநாள் சாயிராவின் கரண்டியை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டவ்வில் காய்ச்சினார். மஞ்சள் முதலில் புகைந்து கரண்டியில் கரியாக ஒட்டியது. சிவப்பு சற்றுப் பொறுத்துப் புகைந்தது. வெள்ளி மட்டும் நெடுநேரம் நிறம் மாறாமல் நின்றது. மூன்று நாள் இப்படியே சோதித்தார். கரண்டி போன துக்கத்தில் சாயிரா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒன்று மட்டும் அவருக்கு உறுத்திற்று. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால், அந்த ஆயில் தண்ணீராய் இருந்தது. இத்துணை மெல்லியது ஓர் எஞ்சினை எப்படிக் காக்கும்? கண் கண்டதை விரல் ஒப்பவில்லை. பெரிய டின் மூன்றரை மாதம் அலமாரியிலேயே இருந்தது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, கணேசபாண்டியன் தம் வெளிர்பச்சை பியட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். செம்பூரில் ஓர் உரத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் அவர். பதினைந்து ஆண்டு வாடிக்கை.

"பாய், நாளைக்குப் பூனாவுல எம் பொண்ணு சண்முகவடிவுக்கு நிச்சயதார்த்தம். பகல் பன்னெண்டுக்குள்ள தாம்பூலம் மாத்தணும். நாங்க மூணு பேரும் இதுலதான் போறோம். கண்டாலா ஏத்தம் ஏறணும். இருக்கிறதுலயே நல்லதா ஊத்துங்க" என்றார்.

இருப்பதிலேயே நல்லது எது என்று நயினாரின் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளி டின்னை இறக்கினார். ஊற்றி முடித்து, டின்னைத் தரையில் நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரை வைத்தார். வைத்த இடத்தில் அரபு எழுத்து இருந்தது. டின்னின் ஒரு பக்கம் ஆங்கிலம். மறுபக்கம் முழுதும் அரபு. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். ஓசை வந்தது, பொருள் வரவில்லை. ஓதுவதற்கென்றே கற்ற எழுத்துகளின்மேல் சுத்தியல் இறங்க அவர் கை மறுத்தது.

"என்ன பாய், இன்னைக்கு ஓட்டை கிடையாதா?" என்று சிரித்தார் கணேசபாண்டியன்.

"அரபு எழுத்து இருக்கு சார்" என்றார் நயினார். டின்னை ஒரு துணியால் துடைத்து, மேல்தட்டில் வைத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டை போடாமல் ஒரு சாவியைக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அடுத்த கொட்டகையில் தோல் பை தைக்கும் காசிம் கொஞ்சம் டர்பன்டைன் கேட்டு வந்தார். வெளியூருக்குச் சரக்கு அனுப்புபவர் என்பதால், அட்டைப்பெட்டியில் உள்ள ஆங்கிலத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்.

"என்ன வோய், வெளிநாட்டு டின்னுல்லாம் பூசையில வச்ச மாதிரி வச்சிருக்கீரு?" என்று அதை எடுத்துத் திருப்பினார். "ஃபு... ஃபுல்லி... சிந்தெடிக்கு." சட்டென்று நிறுத்திச் சிரித்தார். "அட, இது சிந்தெடிக்குல்லா வோய்!"

"அப்படீன்னா?"

"தாராவியில இருந்துக்கிட்டு எங்கிட்ட கேக்கீரு பாத்தீரா? ரெக்ஸின் தெரியுமா, ரெக்ஸின்? தோலு மாதிரியே பளபளன்னு இருக்கும். மோந்து பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் நாங்க சிந்தெடிக்குன்னு சொல்லுறது. தோலு இல்ல, தோலு மாதிரி. அப்போ இது என்ன? ஆயிலு இல்ல, ஆயிலு மாதிரி. அதுலயும் 'ஃபுல்லி'ங்கான். முழுக்க முழுக்க!"

நயினாரின் விரல்கள் தாமாகவே ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. "ஏன் வோய், டூப்ளிகேட்டுக்காரன் டின்னுல அப்படியே எழுதி வச்சா விப்பான்?"

"வெளிநாட்டுக்காரன் நேர்மையானவன் வோய். டூப்ளிகேட்டா இருந்தா டூப்ளிகேட்டுன்னு எழுதியே விப்பான். நம்மாளுதான் மறைப்பான்."

காசிமுக்கு அது காலை நேரத்து வேடிக்கை. நயினாருக்கோ காலின்கீழ்த் தரை நழுவியது. மூன்று நாள் தாம் செய்த சோதனைகள் எல்லாம் ஒரு சொல்லின்முன் ஒன்றுமில்லாமல் போயின. விரல் சொன்ன சந்தேகம் ஒன்றே மிஞ்சி நின்றது. தண்ணீராய் இருந்ததே! ஓட்டை போடாத முதல் டின்னே போலி டின்னாக வாய்த்ததே! கண்டாலா ஏற்றத்தில், லாரிகள் முன்னும் பின்னும் நெருக்கும் வளைவில், அந்த வெளிர்பச்சை பியட் எஞ்சின் இறுகி நின்றுபோகும் காட்சி அவர் கண்முன் ஓடியது. பின்னிருக்கையில் நிச்சயதார்த்தப் பெண்.

சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். முனையில் வெயிலுமுத்து தம் டாக்ஸியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாராவிக்கு வந்த நாள்முதல் நயினாருக்குக் கூட்டாளி அவர்.

"என்ன பாய், பேயறஞ்ச மாதிரி வாரீரு?"

"வண்டிய எடும், அண்ணாச்சி. செம்பூருக்கு."

செம்பூரில் கணேசபாண்டியன் வீடு பூட்டியிருந்தது. முருகன் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு அரை மணி முன்புதான் புறப்பட்டார்கள் என்று மாடி வீட்டு அம்மாள் சொன்னாள். நயினார் மீண்டும் வண்டியில் ஏறினார்.

"இப்ப எங்க, பாய்?"

"பூனா ரோடு."

வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தார். "வே, இது டாக்ஸி. ஏரோப்பிளேன் இல்ல. பம்பாய் எல்லையத் தாண்டுனா போலீஸ்காரன் என்னையப் பிடிச்சு உள்ள வச்சிருவான். என்னதான் நடந்திச்சு, சொல்லும்."

வாஷி பாலத்தைக் கடப்பதற்குள் நயினார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போதும் அவர் இருக்கையின் நுனியில்தான் இருந்தார். முன்கண்ணாடியில் மூக்கு இடிக்காத குறை.

"அதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் வெயிலுமுத்து. "ஆயிலுன்னா கெட்டியா இருக்கணும். என் வண்டியப் பாரும். மஞ்சள் டின்னத் தவிர வேற எதையும் மோந்து பாத்ததில்ல. இதுவும் பியட்டு, அதுவும் பியட்டு, ஒரே வயசு. இது சிங்கம் மாதிரி போகுதா இல்லியா?"

வழியில் நின்ற ஒவ்வொரு காரும் நயினாரின் நெஞ்சை ஒரு முறை நிறுத்திவிட்டு ஓடவிட்டது. பன்வேலைத் தாண்டிய ஓரிடத்தில், மூடியைத் தூக்கியபடி வெளிர்பச்சை பியட் ஒன்று மரத்தடியில் நின்றது. டாக்ஸி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு குதித்தார். ஒரு குஜராத்திக் குடும்பம், டயருக்குக் காற்றடித்துக்கொண்டே அவரை வியப்போடு பார்த்தது. மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தார்.

"இப்படியே நாலு வண்டிக்குக் குதிச்சீருன்னா, பூனாவுக்கு நான் மட்டும்தான் போய்ச் சேருவேன்" என்றார் வெயிலுமுத்து.

கோப்போலியில், மலை ஏறுவதற்குமுன் வண்டிகள் இளைப்பாறும் கடைகளில் எல்லாம் தேடினார்கள். இல்லை. ஏறத் தொடங்கினார்கள். மே மாத வெயில் கறுப்புப் பாறைகளில் பட்டுத் திரும்பி அடித்தது. மூன்றாவது வளைவு கடந்ததும் டாக்ஸியின் ஓசை மாறிற்று. நயினாரின் காது அதை வெயிலுமுத்துக்கு முன்பே கேட்டது.

"அண்ணாச்சி, நிறுத்தும்."

"ஒண்ணுமில்ல வே, ஏத்தத்துல எல்லா வண்டியும்..."

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டியது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது. சிங்கம் சாலையோரம் நின்றது.

எஞ்சின் ஆறாமல் தண்ணீர் ஊற்ற முடியாது. ஆறுவதற்கு இருபது நிமிடமாவது ஆகும். வெயிலுமுத்து ஒரு கல்லின்மேல் அமர்ந்து பீடி பற்றவைத்தார். நயினார் டாக்ஸியை ஒரு முறை சுற்றி வந்தார். இரண்டாம் முறை சுற்றி வந்தார். பிறகு மலைமேல் நடக்கத் தொடங்கினார்.

"வே பாய்! நடந்தா போய்ப் பிடிக்கப் போறீரு?"

"நீரு வாரும். நான் போய்க்கிட்டிருக்கேன்."

லாரிகளின் புகையில், சாலையின் விளிம்பை ஒட்டி, அவர் ஏறக்குறைய ஒரு மைல் ஏறினார். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். சாலையில் ஆயில் சொட்டியிருக்கிறதா, எஞ்சின் உடைந்த தடயம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடினார். சொட்டுகள் ஏராளம். எவருடைய சொட்டு என்று எந்தச் சொட்டும் சொல்லவில்லை. ஒரே ஒரு சொட்டைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி கொண்டு மேலே நடந்தார். இருபத்தைந்து நிமிடங்கள் கழித்து டாக்ஸி முனகிக்கொண்டு வந்து அவரை ஏற்றிக்கொண்டது.

மலையேறி முடித்த இடத்தில், கண்டாலாவில், ஒரு தேநீர்க் கடைக்கு எதிரே அந்த பியட் நின்றது. மூடி திறந்திருக்கவில்லை. கணேசபாண்டியனின் மனைவி சொர்ணம்மாள், வளைவுகளில் வந்த குமட்டல் தணிய ஈரத்துண்டை நெற்றியில் வைத்தபடி மரத்தடியில் அமர்ந்திருந்தாள். பட்டுச் சேலையில் சண்முகவடிவு, மடியில் செய்தித்தாள் விரித்து இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

கணேசபாண்டியன்தான் முதலில் பார்த்தார். "பாய்? நீங்க இங்க எப்படி?"

வழியெல்லாம் நயினார் வாக்கியம் வாக்கியமாகக் கட்டி வைத்திருந்தார். எல்லாம் கலைந்துபோயின.

"சார், நேத்து நான் ஊத்துனது டூப்ளிகேட். எனக்குத் தெரியாது. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. டின்னுலயே எழுதியிருந்திருக்கு, நான்தான் படிக்கல. வண்டிய எடுக்காதீங்க."

சொர்ணம்மாளின் நெற்றித் துண்டு கீழே விழுந்தது. "என்னது? எம் புள்ள நிச்சயத்துக்குப் போற வண்டியிலயா? பதினஞ்சு வருஷமா ஒங்கள நம்பி..."

"நம்புனதாலதான் ஓடி வந்திருக்காரு, அம்மா" என்றாள் சண்முகவடிவு. "நம்பாதவங்க வண்டிக்கு யாரு கண்டாலா வரைக்கும் வருவா?"

"நீ வாய மூடிக்கிட்டு இட்லியத் தின்னு."

கணேசபாண்டியன் கையமர்த்தினார். "இரு, சொர்ணம். பாய், டின்னுல என்ன எழுதியிருந்திச்சு? அப்படியே சொல்லுங்க."

"சிந்தெடிக்கு, சார். ஃபுல்லி சிந்தெடிக்கு. ரெக்ஸின் மாதிரி."

கணேசபாண்டியன் சிரிக்கவில்லை; சிரிக்கக்கூடாது என்று எதிரே நின்ற முகம் சொல்லிற்று. "எங்க ஃபாக்டரியில நான் என்ன செய்றேன் பாய்? யூரியா. மாடு போடுற சாணியா அது? இல்ல. ரசாயனத்துல செய்றது. அதுக்குத் தமிழ்ல என்ன பேரு? செயற்கை உரம். செயற்கைன்னா போலியா? வயல்ல போட்டா நெல்லு வெளையுதா இல்லையா? சாக்குல உப்ப அடச்சு யூரியான்னு வித்தா, அதுதான் டூப்ளிகேட்."

"அப்போ ரெக்ஸின்?"

"ரெக்ஸின ரெக்ஸின்னே சொல்லி வித்தா அதுவும் தப்பில்ல. தோலுன்னு சொல்லி வித்தாத்தான் தப்பு."

"ரோட்டுல நின்னு உரத்தப் பத்திப் பேசுற நேரமா இது?" என்றாள் சொர்ணம்மாள். "மணி பத்தாகப் போகுது. போகணுமா, பஸ்ஸப் பிடிக்கணுமா? அதச் சொல்லுங்க."

கணேசபாண்டியன் நயினாரைப் பார்த்தார். "எனக்கு யூரியா தெரியும், பாய். ஆயில் தெரியாது. போகலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

'போங்கள்' என்று சொல்லி நடுவழியில் வண்டி நின்றால், பன்னிரண்டு மணி தவறும். 'வேண்டாம்' என்று சொன்னாலும் தவறலாம். ஞாயிற்றுக்கிழமை, பட்டுச் சேலையும் தாம்பூலத் தட்டுமாக, கூட்டத்தில் எந்தப் பேருந்தில் ஏறுவது? இது காசிமும் மன்சூரும் சொல்லக்கூடியது அன்று. அவர் ஒருவரே சொல்ல வேண்டும்.

பியட்டின் மூடியைத் தூக்கினார். மலையேறிய எஞ்சினுக்குரிய சூடு இருந்தது, அதற்குமேல் இல்லை. அளவுக் கம்பியை உருவினார். சண்முகவடிவு, கேட்காமலேயே, மடியிலிருந்த செய்தித்தாளின் எண்ணெய் படாத பகுதியைக் கிழித்து நீட்டினாள். அதில் ஒரு சொட்டு விட்டார். பிறகு டாக்ஸியின் கம்பியையும் உருவி, அதன் பக்கத்திலேயே இன்னொரு சொட்டு விட்டார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். டாக்ஸியின் சொட்டு நடுவில் கறுப்பாகக் கட்டிக்கொண்டு, பரவாமல் நின்றது. பியட்டின் சொட்டு வெளிறிய தேநீர் நிறத்தில், நடுவில் கறையின்றி, வட்டமாக விரிந்துகொண்டே போயிற்று. அவர் விரலில் எடுத்துத் தேய்த்தார். முன்பு எப்படித் தண்ணீராய் இருந்ததோ அப்படியே இருந்தது. மலையும் வெயிலும் அதை ஒன்றும் செய்யவில்லை. மெல்லியதாய் இருந்தது குறையன்று; மெல்லியதாகவே நீடித்ததுதான் அதன் வலிமை என்று அப்போது விரலும் ஒத்துக்கொண்டது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, சார்."

எஞ்சின் ஓடியது. டாக்ஸியிலிருந்த ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முனையை எஞ்சினின்மேல் ஊன்றி, மரப்பிடியில் காதை வைத்தார். முதல் சிலிண்டர், இரண்டு, மூன்று, நான்கு. கீழே இறங்கிப் பேரிங் பக்கம். லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து மறுபடியும் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் கன்னத்தில் கரிக்கோடு.

"போங்க சார்" என்றார்.

"நிச்சயமாவா?"

"நிச்சயத்துக்கே போங்க."

சண்முகவடிவு சிரித்துவிட்டாள். சொர்ணம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் இரண்டு இட்லிகளைக் கிழிந்த செய்தித்தாளில் வைத்து அவரிடம் நீட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

பியட் வளைவில் மறையும்வரை நயினார் நின்றார். மறைந்த பிறகும் ஓசை கேட்கும்வரை நின்றார். வெயிலுமுத்து, செய்தித்தாள் துண்டில் இருந்த இரண்டு சொட்டுகளையும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கறுப்பு என்னுதா?"

"ஒம்மதுதான், அண்ணாச்சி."

"சிங்கம்னு சொன்னது வாபஸ்" என்றார் வெயிலுமுத்து.

அன்று மாலையும் இரவும் நயினாரின் கால்கள் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக்குமாக நடந்தார். ஒன்பதாம் வகுப்பில் படித்த மகள் நூர் நிஷாவைக் கூப்பிட்டு, அலமாரியிலிருந்த எல்லா டின்களின்மேலும் எழுதியிருந்ததை வரிவரியாகப் படிக்கச் சொன்னார். அவளுக்குத் தமிழ் தடுமாறும், ஆங்கிலம் ஓடும். படித்துப் படித்து, இந்தியில் பொருள் சொன்னாள். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று எழுதியிருப்பதுவரை அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் மனம் அடங்கவில்லை. ஆயில் நல்லதாகவே இருக்கட்டும். இன்னதென்று அறியாமல் ஊற்றியது தாமல்லவா?

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, அறுபதடிச் சாலையின் இரைச்சலுக்கு நடுவே ஓர் எஞ்சின் ஓசையை அவர் காது பிரித்தெடுத்தது. வண்டி கண்ணுக்குத் தெரியுமுன் வாசலுக்கு வந்துவிட்டார். வெளிர்பச்சை பியட் வந்து நின்றது. கணேசபாண்டியன் தேங்காயும் கற்கண்டும் வெற்றிலையும் நிறைந்த மஞ்சள் பையோடு இறங்கினார்.

"பதினொண்ணேகாலுக்கெல்லாம் போய்ச் சேந்துட்டோம், பாய். தாம்பூலம் மாத்தியாச்சு. திரும்பும்போது வண்டி பூ மாதிரி வந்திச்சு." பையைக் கொடுத்துவிட்டு, வழக்கமாக வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார். "சரி, எனக்கு ஒரு ஓட்டை பாக்கி இருக்கே. அது எங்க?"

நயினார் மேல்தட்டிலிருந்து வெள்ளி டின்னை இறக்கினார். சனிக்கிழமை அதைப் பார்த்தபோது இருந்த கண் இப்போது இல்லை. பனியில் உறையாமல், மலையில் கருகாமல் வந்த ஆயிலின் டின் இது. முழுசாக இது பங்கார் கடைக்குப் போய், காய்ச்சி வடித்த கறுப்பு ஆயில் இதற்குள் நிறைந்தால், பனிக்கட்டியில் வைத்துப் பார்க்கவும் கரண்டியில் காய்ச்சிப் பார்க்கவும் எவருக்குப் பொறுமை இருக்கும்? வெள்ளி நிறத்தைப் பார்த்தே நம்பிவிடுவார்கள். யாருடைய மகளோ பின்னிருக்கையில் இருப்பாள்.

டின்னை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு பக்கம் ஆங்கிலம். இப்போது அதன் பொருள் தெரியும். மறுபக்கம் அரபு, அதைக் கையால் ஒரு முறை தடவினார். பின்பு தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பாகத்தில் எந்த எழுத்தும் இல்லை. அங்கே ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, ஓங்கி ஓர் அடி அடித்தார்.

ஓசை கேட்டுக் காசிம் கையில் பசைத் தூரிகையோடு வெளியே வந்தார். "ஏன் வோய், அதான் நல்ல ஆயிலுன்னு ஆகிப்போச்சே. எனக்குக் குடுத்தாலாவது தோலு ஒட்டுற சொல்யூஷன் ஊத்தி வச்சிருப்பேன். நல்ல டின்னப் போயி ஓட்ட போடுதீரே!"

"நல்ல டின்னுதான் காசிம்" என்றார் நயினார், இரண்டாவது ஓட்டைக்கு இடம் பார்த்தபடி. "அதனாலதான்."